ஃபிரிட்ஜுக்கு வைத்த பொட்டு

தீ தரையோடு தரையாக ஓடியிருந்தது. சமையலறை அலமாரிகளின் கீழ்த்தட்டுகள் கரிந்து, பிளாஸ்டிக் டப்பாக்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இடுப்புயரத்துக்கு மேலே சுவரில் வெறும் புகைக் கறை. ஃபிரிட்ஜின் கீழ்க்கதவு முழுக்கப் பெயின்ட் கொப்புளித்திருந்தது. மேல்கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த பால்காரரின் விசிட்டிங் கார்டுகூடக் கருகவில்லை. இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஓடிய பட்டையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டக் குழி. அதில் காய்ந்த சந்தனமும் நடுவே குங்குமமும் வைத்தது வைத்தபடி இருந்தன.

மிருதுளா அதைப் படம் எடுத்தாள். ஃபிரிட்ஜ் நிறுவனத்தின் விபத்து ஆய்வாளர் அவள். விபத்து நடந்த வீட்டுக்குப் போய், காரணத்தைக் கண்டுபிடித்து, அது நிறுவனத்தின் தவறா வீட்டுக்காரரின் தவறா என்று சொல்வது அவள் வேலை. அதற்காகத்தான் சென்னையிலிருந்து கோவைக்கு வந்து, சிங்காநல்லூரில் இந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தானுங்க வெச்சேன்" என்றார் நவநீதன், அவள் கேட்பதற்கு முன்பே.

அவர் ஒரு பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டுபவர். ஐம்பதை நெருங்கும் வயது. மனைவி கலாமணியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து தலை மழித்திருந்தார்.

"ஆயுத பூஜைக்கு வெச்சதுங்க மேடம். பட்டறையில லேத்துக்கு, ட்ரில்லிங் மிஷினுக்கு எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு ஊட்டுக்கு வந்தேன். வண்டி, மிக்ஸி, கிரைண்டர்... ஃபிரிட்ஜுக்கு எங்க வெக்கறதுன்னு பார்த்தேன். பொட்டு வெக்கறதுக்குன்னே கடைஞ்சு வெச்சாப்ல ஒரு குழி. நெத்தி மாதிரி இருந்துச்சுங்க."

"அது மூக்கு அண்ணா."

"இப்பத் தெரியுது."



ஃபிரிட்ஜுக்கு மூக்கு வந்த கதை நீளமானது அல்ல. முன்பு ஃபிரிட்ஜுகளுக்குள் ஓடிய வாயு எரியாது. ஆனால் வெளியே கசிந்தால் வானத்தைச் சூடாக்கும். நாடுகள் கூடிப் பேசி அதைக் கைவிட்டன. அடுத்து வந்த வாயு வானத்தை ஒன்றும் செய்யாது, ஆனால் எரியும். சமையல் எரிவாயுவின் பங்காளி அது. அளவு கொஞ்சம்தான் என்பதால் யாரும் கவலைப்படவில்லை. கோடைகள் கொடுமையாக ஆக ஆக ஃபிரிட்ஜுகள் பெரிதாகின, வாயுவின் அளவும் கூடியது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சமையலறைகள் வெடித்த பிறகு அரசு இரண்டு விதிகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஃபிரிட்ஜிலும் கசிவை முகரும் கருவி இருக்க வேண்டும். நிறுவனத்தின் ஆளைத் தவிர வேறு யாரும் அதன் பின்பக்கத்தைத் திறக்கக் கூடாது, திறந்தால் வழக்கு. முதல் விதியால் ஃபிரிட்ஜுக்கு மூக்கு வந்தது. இரண்டாவது விதியால் தெருமுனை மெக்கானிக்குகள் வாட்டர் ஹீட்டர் ரிப்பேருக்குப் போனார்கள்.

பெட்டிக்குள் சுற்றும் காற்றைச் சிறிது சிறிதாக இழுத்து முகர்ந்துவிட்டு, அந்த வட்டக் குழி வழியாக வெளியே விடுவதுதான் மூக்கின் வேலை. கசிவு தெரிந்தால் அலறும். கதவைப் பூட்டிக்கொள்ளும். வீட்டின் மின்சாரத்தைத் துண்டிக்கும். நிறுவனத்திலிருந்து விடுவிக்கும்வரை கதவு திறக்காது.

எதிர்வீட்டு சாந்தாமணி டீ கொண்டுவந்து மிருதுளாவிடம் நீட்டினார். நவநீதனின் டம்ளரை மேடையில் வைத்தார். அவர் எடுக்கவில்லை.

"குடிங்கண்ணா. வெறும் வயித்தோட புள்ளையப் பார்க்க ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் அலைஞ்சா நீங்களும் உழுந்துருவீங்க" என்று அதட்டிவிட்டு, மிருதுளா பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, கம்பெனியில இருந்து வந்திருக்கறது நீதான? ரெண்டு மாசமா ஃபிரிட்ஜு சரியாவே கூலிங் ஆகலைன்னு கலா ஃபோன் மேல ஃபோன் போட்டா. என்ன சொன்னீங்க? வெயில் காலம், கதவை அடிக்கடி தொறக்காதீங்கன்னு சொன்னீங்க. முன்னெல்லாம் நம்ம முனைக்கடை மெக்கானிக்கைக் கூப்பிட்டா பின்னால சோப்பு நுரையைத் தடவிப் பார்த்து, இங்கதான் ஓட்டைம்பான். இப்ப அவன் தொட்டா ஜெயிலு. நீங்க தொடவே மாட்டீங்க. அப்ப யாருதான் தொடறது?"

 குளிர்ச்சி குறைந்ததே கசிவின் அடையாளம் என்று மிருதுளாவுக்குத் தெரியும். ஃபோனில் பதில் சொன்ன இயந்திரக் குரலுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"சும்மா சொல்லக் கூடாது, உங்க கம்பெனியை ஒரு தடவை பணிய வெச்சவ அவ" என்றார் சாந்தாமணி. குரலில் பெருமை ஏறியது. "வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா இந்த பில்டிங்கே அலறும் கண்ணு. சாம்பிராணி போட்டாப் போதும், கதவிடுக்குல போற புகையைக் கசிவுன்னு நெனச்சு எல்லா ஃபிரிட்ஜும் ஒண்ணா ஒப்பாரி வெக்கும். கரண்டு போயிரும், லிஃப்டு நின்னுரும். உள்ள இருக்கற பால், தயிர், மாவு அத்தனையும் வீண். பக்கத்து பிளாக்குல ஒரு அம்மா ஃபிரிட்ஜுக்குப் பயந்து பூஜையையே மொட்டை மாடியில வெச்சுக்கிச்சுன்னா பாத்துக்க. கலாதான் பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு ஷோரூம் வாசல்ல போய் உக்காந்தா. டிவியில எல்லாம் வந்துச்சு. 'எங்க சாமியா உங்க ஃபிரிட்ஜான்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க'ன்னு கேட்டா பாரு, மேனேஜருக்கு வேர்த்துருச்சு. அப்புறம் கத்தவே இல்லை. ஆளாளுக்கு சுண்டல் செஞ்சு கொண்டாந்து குடுத்தோம் அவளுக்கு."

நவநீதன் லேசாகச் சிரித்தார். மனைவி இறந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "எனக்கு ஒரு வாய் சுண்டல் மிச்சம் வெக்கலைங்க அவ" என்றார்.

மகள் பிரகதி அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. எரியும் சேலையை அம்மா உடம்பிலிருந்து பிடித்து இழுத்ததில் இரண்டு கைகளும் முழங்கைவரை வெந்துபோயிருந்தன. மிருதுளாவைக் கூட்டிப்போன நவநீதன் வார்டு வாசலிலேயே நின்றுகொண்டார். மிருதுளா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க போங்க. நான் வந்தா அவ பேச மாட்டா."

பிரகதி தெளிவாகப் பேசினாள். அம்மா சாமிக்கு விளக்கேற்றித் தரையில் வைத்திருந்தாள். சாம்பிராணிக் கரண்டியை எடுத்துக்கொண்டு எல்லா அறைகளுக்கும் போய்விட்டு வந்தாள். நைவேத்தியத்துக்குப் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். அவ்வளவுதான். காற்றைவிடக் கனமான வாயு, திறந்த கதவிலிருந்து தண்ணீரைப் போலத் தரையில் இறங்கி விளக்கிடம் போயிருக்கிறது. இந்தக் கடைசி வரியை பிரகதி சொல்லவில்லை. மிருதுளா தனக்குள் சேர்த்துக்கொண்டாள்.

"ஆயுத பூஜை அன்னிக்கே சொன்னேன் அவர்கிட்ட" என்றாள் பிரகதி.

"யார்கிட்ட?"

"அவர்கிட்டதான்." கண்களால் வாசலைக் காட்டினாள். "அது பொட்டு வெக்கற இடம் இல்லை, சென்சார்னு சொன்னேன். 'மிஷினுக்கு எங்க வெக்கறதுன்னு எனக்குச் சொல்லித் தர்றியா கண்ணு'ன்னு சிரிச்சாரு. எங்கம்மா இந்த ஊருக்கே சண்டை போட்டு ஜெயிச்சுக் குடுத்தாங்க மேடம். அவங்களை மாதிரி வரணும்னுதான் லா படிக்கணும்னு நெனச்சேன். இந்தக் கையை வெச்சுக்கிட்டு இப்ப எழுதவே முடியாது."

டாக்டர் வந்து தொடைத் தோலை எடுத்துக் கைகளுக்கு ஒட்டுவது பற்றிச் சொன்னார். ஒருமுறை செய்து முடிகிற காரியம் இல்லை. விரல்கள் மடங்க வேண்டுமென்றால் தனியார் மருத்துவமனையில் வருடக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கும் என்றார். நவநீதன் வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துப் பின்னறையில் மிருதுளா ஒரு சோதனை செய்தாள். அதே மாடல் மூக்கு ஒன்றை எடுத்தாள். கடையில் சந்தன வில்லை வாங்கி, தண்ணீர் விட்டுக் குழைத்து, குழியில் அப்பி, மின்விசிறிக் காற்றில் காயவைத்தாள். பிறகு உள்பக்கம் கொஞ்சம் வாயுவைத் திறந்துவிட்டாள். மூக்கு உடனே விழித்துக்கொண்டது. தடிமனாக அப்பிப் பார்த்தாள். அப்போதும் விழித்தது. காய்ந்ததும் சந்தனம் பாளம் பாளமாக வெடித்துவிடுகிறது; அந்த வெடிப்புகள் மூக்குக்குப் போதும்.

மண்டல மேலாளர் ஹரிகோவிந்துக்கு ஃபோன் செய்தாள்.

"பொட்டு மூக்கை அடைக்கலை சார்."

"தெரியும்" என்றார் அவர்.

"தெரியுமா?"

"அன்னிக்கு சாயங்காலம் அந்த மூக்கு மோந்துச்சு மிருதுளா. தகவல் நம்ம கண்காணிப்பு மையத்துக்கு வந்து சேர்ந்துச்சு."

"அப்ப ஏன் கத்தலை?"

ஹரிகோவிந்த் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "கோயம்புத்தூர்ல அந்தப் பொம்பளைங்க பண்ணின கலாட்டா உனக்குத் தெரியும்ல? அதுக்கப்புறம் கத்தறதா வேண்டாமான்னு முடிவு பண்ற வேலையை ஃபிரிட்ஜுகிட்டருந்து எடுத்துட்டோம். மூக்கு மோந்ததை மையத்துக்கு அனுப்பும். மையம் சரின்னு சொன்னாத்தான் கத்தும், பூட்டும். மையம் தானாவே கத்துக்கிற மிஷின். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கு வெக்கிற நேரத்துல ஊரே சேர்ந்து அனுப்புதா, சரி, இது சாம்பிராணின்னு கத்துக்கிச்சு. அந்த ஊர், அந்த நேரம்னா விட்டுடும்."

"கசிவையும் விட்டுடுச்சு."

"ஒண்ணை."

"நமக்குத் தெரிஞ்சது ஒண்ணு சார்."

 அந்த ஏற்பாட்டுக்கு நிறுவனம் வைத்த பெயர் 'பண்பாட்டு இசைவு'. உள்ளூர் வழிபாட்டு முறைகளை மதிக்கும் தொழில்நுட்பம் என்று டெல்லியில் அதற்கு விருதுகூடக் கிடைத்தது. விழாவில் எடுத்த படம் மிருதுளாவின் அலுவலக வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. அவளுடைய வீட்டிலும் வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போடுவார்கள். அலறல் நின்றபோது அவளும்தான் நிம்மதி அடைந்தாள்.

"பாரு, அந்தக் குடும்பத்தைக் கைவிடணும்னு யாரும் நினைக்கலை" என்றார் ஹரிகோவிந்த். "பொட்டு வெச்சதால மூக்கு வேலை செய்யலைன்னு அந்த ஆள் கையெழுத்துப் போட்டா, மனிதாபிமான அடிப்படையில பொண்ணோட சிகிச்சை முழுக்க நம்மளோடது. எத்தனை வருஷம் ஆனாலும். புது ஃபிரிட்ஜும் குடுத்துடலாம். கோர்ட்டுக்குப் போனா அவங்களுக்குத்தான் கஷ்டம். அதுக்குள்ள அந்தப் பொண்ணோட கை என்ன ஆகறது? நீயே யோசி."

"பொட்டு காரணம் இல்லையே சார்."

"அவரே அதுதான் காரணம்னு நம்பறார் இல்ல?"

மறுநாள் மருத்துவமனை கேன்டீனுக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தும் கொட்டகையில் நவநீதனைப் பார்த்தாள். அவர் கையில் இட்லிப் பொட்டலம். மகள் அவர் கையால் சாப்பிட மாட்டாள். நர்ஸிடம் கொடுத்து ஊட்டச் சொல்வாராம். "ஊட்டும்போது ஜன்னல் வழியாப் பார்த்துக்குவேன்" என்றார்.

கையெழுத்துப் போட்டால் சிகிச்சை என்று நிறுவனம் அவருக்கு முன்பே ஃபோனில் சொல்லியிருந்தது; அந்தத் தாள் இருந்த கோப்பை மிருதுளா திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, உங்க பொட்டால எதுவும் ஆகலை. நானே சோதிச்சுப் பார்த்துட்டேன். சந்தனம் மூக்கை அடைக்கலை. அது கசிவை மோந்திருக்கு."

அவர் அப்படியே அவளைப் பார்த்தார். பொட்டலத்தைப் பக்கத்திலிருந்த வண்டியின் சீட்டில் வைத்தார். தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முதுகு குலுங்கியது. கொட்டகைக்கு வண்டி எடுக்க வந்த ஒருவர், ஏதோ சாவு என்று நினைத்து ஒதுங்கிப் போனார்.

"நெசமாலுங்களா?"

"நிஜம்."

"புள்ளைகிட்ட சொல்றீங்களா? நீங்க சொன்னா நம்புவா." துண்டை விலக்கினார். கண் சிவந்திருந்தாலும் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. எழுந்துகூட நின்றுவிட்டார். பிறகு, வாழ்நாள் முழுக்க இயந்திரங்களோடு இருந்த மனிதருக்கு இயல்பாக வர வேண்டிய கேள்வி வந்தது. "மோந்துச்சுன்னா, ஏனுங்க கத்தலை?"

மிருதுளா கோப்பை மடியில் திருப்பி வைத்தாள். 

"சொல்லுங்க மேடம்."

"அன்னிக்கு வெள்ளிக்கிழமை அண்ணா."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் நின்றபடியே யோசித்தார். யோசனை பற்சக்கரம்போல ஒவ்வொரு பல்லாக ஏறி எங்கே போய் நிற்கப்போகிறது என்பது மிருதுளாவுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் உட்கார்ந்தார்.

"அவ கேட்டது சத்தத்தை நிறுத்தச் சொல்லித்தானுங்க" என்றார். "மூக்கை அறுக்கவா சொன்னா?"

"இல்லைங்க அண்ணா. அவங்க கேட்டது நியாயம். சாம்பிராணிக்கும் கசிவுக்கும் வித்தியாசம் தெரியற மூக்கைச் செஞ்சிருக்கணும். அதுக்குச் செலவாகும்னு இப்படிச் செஞ்சோம். தப்பு எங்களோடது. கோர்ட்டுக்குப் போங்க. நான் வந்து சாட்சி சொல்றேன். வேலை போனாலும் பரவாயில்லை."

"கோர்ட்டுல உங்காளுங்க என்ன சொல்லுவாங்க?"

அவள் கோப்பைப் பார்த்தாள்.

"நான் சொல்றேன். 'இந்தம்மா கேட்டாங்க, அதனால செஞ்சோம்'னு சொல்லுவாங்க. ஷோரூம் வாசல்ல உக்காந்து கையை நீட்டிப் பேசறாளே, அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுவாங்க. எத்தனை தடவை காட்டுவாங்களோ. பிரகதி முன்வரிசையில உக்காந்து அதைப் பார்க்கோணும்." வண்டிச் சீட்டின் மேலிருந்த பொட்டலத்தை எடுத்து, ஈரம் ஊறிய அடிப்பக்கத்தைத் துடைத்தார். "இப்ப அவளுக்கு அம்மான்னா சாமி. கைக்கட்டுப் பிரிக்கறப்ப வலி தாங்காம, எங்கம்மா மாதிரி இருப்பேன், எங்கம்மா மாதிரி இருப்பேன்னு சொல்லிக்கிட்டே இருக்கறாளாம். நர்ஸம்மா சொல்லுச்சு. அதை எப்படிங்க புடுங்கறது?"

"அதுக்காக நீங்க..."

"என்ற மேலயே இருந்துட்டுப் போவட்டும்."

"உங்களோட அவ பேசவே மாட்டாளே அண்ணா."

"பேசாட்டி என்னங்க, கை நல்லாவோணும்." சற்று நிறுத்தி, "நீங்களும் சொல்லிப்போடாதீங்க. சாந்தாமணிகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. வாய் நிக்காது அதுக்கு" என்றார்.

பிறகு அவளிடமே பேனா கேட்டார்.

கொடுத்தாள். கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று பின்னர் பல தடவை நினைத்துக்கொண்டாள். ஆனால் கொடுத்தாள். லேத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகாமல் கடையும் கை. கையெழுத்து மட்டும் கோணலாக விழுந்தது. ஹரிகோவிந்த் அன்று மாலை அவளைப் பாராட்டி ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார்.

சொன்ன சொல்லை நிறுவனம் காப்பாற்றியது. பிரகதிக்குத் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு முன்பாகப் புது ஃபிரிட்ஜும் வீடு வந்தது. நன்கொடையாகத் தரப்படும் பொருளை ஒப்படைக்கும்போது அதிகாரி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதால் மிருதுளா மறுபடியும் சிங்காநல்லூர் போனாள்.

சமையலறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். பொருத்த வந்த ஊழியர் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டார். நல்ல நீல நிற ஃபிரிட்ஜ். மேல்கதவின் நடுவில், மூக்கிலிருந்து பாதுகாப்பான தொலைவில், வட்டமாகச் சந்தனப் பொட்டும் நடுவில் குங்குமமும். உற்பத்திச்சாலையிலேயே அச்சிட்டது.

"இந்த வருஷ மாடலுங்க மேடம்" என்றார் ஊழியர். "நம்ம பக்கத்துக்கு மட்டும்தான் இப்படி வருது. கொஞ்ச மாசம் முன்னால யாரோ மூக்குல பொட்டு வெச்சு ஆக்சிடென்ட் ஆகிப்போச்சாம், அதனால கம்பெனியே வெச்சுக் குடுத்துருது. பூஜை செட்டு இலவசம். நல்லா போவுதுங்க, ஸ்டாக்கே இல்லை."

யாருடைய வீட்டில் நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. கூடத்தில் நின்றிருந்த நவநீதன் கேட்டும் கேட்காததுபோல அட்டைத் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

மிருதுளா குரலைத் தாழ்த்தினாள். "இதுல பண்பாட்டு இசைவை நிறுத்தி வெச்சுட முடியுமா?"

"அதுக்குத் தனியா சுவிட்ச் இல்லைங்களே. மையத்துலயே இருக்குது. இப்ப வெள்ளிக்கிழமை மட்டும் இல்லைங்க, அமாவாசை, கிருத்திகை, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எல்லாம் கத்துக்கிச்சாம். நம்ம ஊர்ல எந்த ஃபிரிட்ஜும் இப்ப கத்தறதே இல்லை. ஒரு கம்ப்ளெய்ன்ட் கிடையாது."

உள்ளறையிலிருந்து பிரகதி வந்தாள். தழும்பு தடிக்காமலிருக்க இறுக்கமான கையுறை போட்டிருந்தாள். விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. மிருதுளாவைப் பார்த்துத் தலையசைத்தாள். ஃபிரிட்ஜ் முன் போய் நின்று அந்தப் பொட்டைப் பார்த்தாள்.

"மேடம், அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள். "இந்தத் தடவை எதுவும் வெக்க வேண்டாம்னு."

நவநீதன் நான்கடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

"வெக்கல கண்ணு" என்றார்.

அவள் திரும்பவில்லை. கையை உயர்த்தி, முழுக்க மடங்காத விரலின் நகத்தால் பொட்டைச் சுரண்டினாள். மறுபடியும் அழுத்திச் சுரண்டினாள். அச்சிட்ட பொட்டு. அது வரவில்லை.